நாயைக் காணோமா? பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு தேடும் முறை (தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துக்கு)

வீட்டு நாயைக் காணோம் என்றால் முதலில் தெருவுக்கு ஓடுவது பிள்ளைதான். செருப்புகூடப் போடாமல், பெயரைக் கத்திக்கொண்டே ஓடும். அந்த ஓட்டத்தை முதலில் நிறுத்துங்கள். ஆனால் பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் மட்டும் தேடக் கிளம்பாதீர்கள். நாயின் பழக்கவழக்கம் வீட்டில் யாரையும்விட அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். மிரண்டு ஒளிந்த நாய் கடைசியில் நம்பி வருவதும் பல வீடுகளில் அந்தப் பிள்ளையிடம்தான். யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொள்வதே முதல் வேலை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் தெருக்களிலும் வெருலம், டோங்காட் கரும்புக்காட்டு ஓரங்களிலும் எப்படித் தேட வேண்டும் என்பதை மனதில் வைத்து இது எழுதப்பட்டது.

கேட்டைத் திறந்து வைத்தது யார் என்று கேட்காதீர்கள்

பத்து நிமிடம் உட்கார்ந்து பிள்ளையிடம் பேசுங்கள். அது வீணாகிற நேரமில்லை. "யார் கேட்டைத் திறந்து விட்டது?" என்று தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும். திட்டு விழும் என்று பயந்த பிள்ளை நேரத்தை மாற்றிச் சொல்லும், இடத்தை மறைக்கும். மூன்று மணிக்குப் போன நாயை ஐந்து மணிக்குப் போனதாக நினைத்துத் தேடினால் தேடும் வட்டமே தப்பாகிவிடும். "யார் மேலும் கோபமில்லை, நடந்ததை மட்டும் சொல்லு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

கேட்க வேண்டியவை: கடைசியாக எங்கே பார்த்தாய், அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது? நடக்கக் கூட்டிப்போகும்போது எந்தப் பக்கம் இழுக்கும்? தெருவில் யார் வீட்டு வாசலில் நின்று வாலாட்டும்? எந்த நாயைக் கண்டால் பதுங்கும்? எந்தச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. பிஸ்கட் டின் குலுங்குவது, அப்பாவின் பக்கி (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) சத்தம், சிம்பா சிப்ஸ் பாக்கெட் பிரிகிற சத்தம் என்று பிள்ளை சட்டென்று சொல்லும். பிறகு தேவைப்படும், எழுதி வையுங்கள்.

ஒரு தாளில் நாயின் இரண்டு பக்கத்தையும் வரையச் சொல்லி, மச்சம், தழும்பு, வெள்ளைத் திட்டு எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். இடது பின்காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளை, காதின் உட்புறத்தில் கறுப்புப் புள்ளி என்பதெல்லாம் பிள்ளைகள் கண்ணில்தான் படும். அவற்றில் ஒன்றை மட்டும் எந்த அறிவிப்பிலும் போடாமல் வீட்டுக்குள் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது தேடும் இடம்

தீபாவளி வெடிக்கோ நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவு வெடிக்கோ மிரண்டு போன நாய் வேறு. மின்சாரம் போனபோது கேட் பாதியில் நின்றதால் வெளியே உலாவப் போன நாய் வேறு. இரண்டையும் ஒரே மாதிரி தேடக் கூடாது.

உலாவப் போன நாய் ஆட்களைத் தேடிப் போகும். ஸ்பாசா கடை (தெருவோரச் சிறு மளிகைக் கடை) வாசல், பள்ளிக்கூட மைதானம், டாக்சி நிற்குமிடம், இறைச்சிக் கடை என்று சாப்பாட்டு வாசனையும் ஆளரவமும் உள்ள இடங்களில் விசாரியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும்.

மிரண்ட நாய் நேராக ஓடும். மூச்சு வாங்கிய இடத்தில் கிடைத்த பொந்தில் புகுந்து அசையாமல் கிடக்கும். வண்டிக்கு அடியில், வீட்டுப் பின்படிக்கட்டின் கீழ், அவுட்பில்டிங்கின் (வீட்டை ஒட்டிய தனிக் கட்டடம்) பின்சந்தில், மழைநீர்க் குழாயில் ஒளியும். இரண்டு மூன்று நாள் ஆனால் சொந்த வீட்டு ஆளையே அடையாளம் தெரியாததுபோல ஓடும். அது பாசம் போனதால் அல்ல. பயம் மூளையைப் பிடித்துக்கொண்டதால். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தன்னைக் கண்டு நாய் ஓடுவதைப் பார்த்த பிள்ளை உடைந்துபோகும்.

குரங்கைத் துரத்திப் போன நாய் மூன்றாவது வகை. சில்வர்கிளன் பக்கமும் பள்ளத்தாக்கை ஒட்டிய தெருக்களிலும் இது அடிக்கடி நடக்கும். குரங்குக் கூட்டம் எந்தத் திசையில் மரம் மாறிப் போனது என்று விசாரியுங்கள், நாய் அந்தப் பக்கம்தான் இருக்கும். கருத்தடை செய்யாத ஆண் நாய் என்றால், அக்கம்பக்கத்தில் எந்த வீட்டுப் பெண் நாய் பருவத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பருவம் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அந்த வீட்டு வேலியோரத்தில் அது காத்துக் கிடக்கலாம்.

முதல் ஒரு மணி நேரம்

ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், கேட் திறந்திருக்க வேண்டும். எல்லோரும் தேடப் போய்விட்டால், தானாகத் திரும்பும் நாய் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு மறுபடி போய்விடும். வீட்டில் இருப்பது பாட்டியாக இருக்கட்டும், கையில் போன் இருக்கட்டும்.

பிள்ளையும் ஒரு பெரியவரும் சேர்ந்து சொந்தத் தெருவையும் அதன் பின்தெருவையும் வீடு வீடாகப் பாருங்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, "எங்க நாயைப் பார்த்தீங்களா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு நகர்ந்துவிடுவது. அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நாய் அவர்கள் கராஜுக்குள் புகுந்த பிறகு கதவு பூட்டப்பட்டிருக்கும். எனவே பிள்ளை இப்படிக் கேட்கட்டும்: "ஆயா, எங்க நாயைக் காணோம். உங்க கராஜைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா? அவுட்பில்டிங்கையும் பார்த்துக்கறோம்." பிள்ளை கேட்டால் யாரும் மறுப்பதில்லை. திறந்ததும் உள்ளே ஓடாமல் வாசலில் நின்று, ஒரு நிமிடம் பேசாமல் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு டார்ச்சைத் தரையோடு தரையாக அடியுங்கள். இருட்டில் நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும்.

நாய் பெருஞ்சாலையின் மறுபக்கம் தெரிந்தால் இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடவே கூடாது. ஹிக்கின்சன் ஹைவே போன்ற சாலையில் அது உங்கள் குரலைக் கேட்டு நேராக வண்டிகளுக்குள் இறங்கிவிடும். கண்ணை எடுக்காமல் ஒருவர் இங்கே நிற்க, இன்னொருவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டும். பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் இருந்தாலும் இதேதான்: கூப்பிடுவதற்கு முன், உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சாலை இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளை போகக் கூடாத இடங்கள்

மழைநீர்க் குழாய்க்குள் பிள்ளை இறங்கக் கூடாது. மேட்டில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே குழாயை நிரப்பிவிடும். ஆற்றுத் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாண ஆறுகளில் பில்ஹார்சியா (தண்ணீரிலிருந்து தோல் வழியே புகும் புழுநோய்) உண்டு. புதருக்குள் பகலில் மட்டும், பெரியவரோடு, மூடிய காலணியும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போகலாம். பிளாக் மாம்பா என்ற கொடிய நச்சுப் பாம்பு இருக்கிற ஊர் இது. கையில் ஒரு நீளக் கம்பு இருக்கட்டும். காலடிக்கு முன்னால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள்.

கம்போடு ஒரு கம்பி வெட்டும் இடுக்கியும் எடுத்துப் போங்கள். புதரிலும் கரும்புக்காட்டு ஓரத்திலும் வேட்டைக்காரர்கள் வைக்கும் சுருக்குக் கம்பியில் நாய்கள் மாட்டுவதுண்டு. கழுத்தில் இறுகிய நாய் குரைக்காது. சத்தம் வரவில்லை என்பதற்காக ஒரு இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். மாட்டியிருந்தால் அதன் தலையைத் துணியால் மூடிவிட்டு, கம்பியை மரத்தோடு சேருமிடத்தில் வெட்டுங்கள். உடம்பில் பதிந்த பகுதியைத் தொடாமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வலியில் இருக்கும் நாய் சொந்தப் பிள்ளையையும் கடிக்கும், பிள்ளை பத்தடி தள்ளியே நிற்கட்டும்.

டோங்காட், வெருலம் பக்கம் கரும்பு உயரமாக நிற்கும் மாதங்களில் வரிசைக்குள் நுழையாதீர்கள். உள்ளே போனால் திசை தெரியாது, குரலும் போய்ச் சேராது. நடுவே விட்டிருக்கும் தீத்தடுப்புப் பாதைகளில் நடந்து, மண்ணில் கால் தடம் பாருங்கள். ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான வெட்டுக்காலம் என்றால், தோட்ட அலுவலகத்துக்குப் போய் எந்தத் துண்டுக்கு எப்போது தீ வைக்கிறார்கள் என்று கேட்டு, நாய் உள்ளே இருக்கலாம் என்று சொல்லி வையுங்கள். இதை நாளை பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது.

வாசனை

பிள்ளை இரண்டு நாள் போட்ட, துவைக்காத சட்டை ஒன்றும் நாய் படுக்கும் போர்வையும் வேண்டும். கடைசியாகப் பார்த்த இடத்தில், மழை படாத மறைவில் அவற்றைப் போட்டுவிட்டு ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். சாப்பாட்டை வைத்துவிட்டு வராதீர்கள், குரங்கும் எலியும் ஊர் நாய்களும் கூடிவிடும், பயந்த நாய் அந்தப் பக்கமே வராது. சாப்பாடு ஆள் இருக்கும்போது மட்டும், தினமும் ஒரே நேரத்தில். விடியற்காலை நான்கு முதல் ஆறு வரையும், இரவு வண்டிகள் அடங்கிய பிறகும்தான் ஒளிந்த நாய் வெளியே வரும். விடியற்காலை முறைக்குப் பிள்ளை வரலாம். இரவு முறை பெரியவர்களுடையது.

என்ன சாப்பாடு? வாசனைதான் முக்கியம். வதக்கிய கோழி ஈரல் நல்லது. டின் மீன், அதாவது லக்கி ஸ்டார் பில்சர்ட், இன்னும் நல்லது. அதன் சாறு காற்றில் வெகுதூரம் போகும். மசாலா, வெங்காயம் சேர்க்காதீர்கள். வெங்காயம் நாய்க்கு விஷம்.

கண்ணில் பட்டுவிட்டது, இப்போது என்ன?

காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நாயைக் கண்டதும் "அதோ!" என்று நான்கு பேர் ஓடினால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். துரத்தக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது. மூன்று நாளாக ஊரே அதன் பெயரைக் கத்தியிருந்தால், பெயரே அதற்கு ஓடு என்ற கட்டளையாகியிருக்கும். ஆகவே பெயரும் வேண்டாம்.

முதலில் நாயின் நடத்தையைக் கவனியுங்கள். வாயில் எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, குரைப்பு கரகரப்பாக மாறியிருப்பது, காரணமில்லாமல் எதையாவது கடிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளையை உடனே பின்னால் அழைத்து, எஸ்.பி.சி.ஏ.-வுக்கோ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) அரசு கால்நடை மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். இந்த மாகாணத்தில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. கடியோ கீறலோ பட்டால், உங்கள் நாயாகவே இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்று விடக் கூடாது. நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற முடியாது.

நாய் பயத்தில் மட்டும் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளையின் முறை. பெரியவர் பின்னால், பேசாமல், சுருக்குப் பட்டையோடு நிற்பார். பிள்ளை முப்பது அடி தூரத்தில் நாய்க்குப் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காரும். கண்ணைப் பார்க்காது. கையை நீட்டாது. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, தானே சாப்பிடுவதுபோல மெல்லச் சரசரக்கும். ஈரல் துண்டுகளைச் சுண்டைக்காய் அளவில் தன்னைச் சுற்றிப் போடும். அழுகை வந்தால் அழட்டும், ஆனால் எழுந்து ஓடக் கூடாது. நாய் இரண்டடி வரும், ஒரு அடி பின்வாங்கும், மூக்கைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடிக்கும். பிள்ளையின் வாசனை எட்டிய கணத்தில் உடம்பே மாறும். வால் தாழ்ந்தபடியே ஆடத் தொடங்கும், சில நாய்கள் முனகும். அப்போதும் பிடிக்க வேண்டாம். மடியில் வந்து சாய்ந்த பிறகு மார்பைத் தடவி, பெரியவர் மெதுவாகப் பட்டையை மாட்டட்டும். பழைய கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். பட்டினியில் இளைத்த நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். வண்டிக்குள் ஏற்றிக் கதவை மூடிய பிறகே கொண்டாட்டம்.

இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிள்ளையால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று நினைக்காதீர்கள், இந்த ஒரு விஷயத்துக்காக உட்காரும். நாய் வராமல் போனால் அதே இடம், அதே நேரம், மறுநாள். பல நாள் வராவிட்டால் எஸ்.பி.சி.ஏ.-விடம் கூண்டுப் பொறி கேட்டுப் பாருங்கள். அதை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வெயிலில் மூடிய கூண்டுக்குள் நாய் சாகும்.

சுவரொட்டியும் வாட்ஸ்அப்பும்

ஏ3 தாளில் இருபது போதும், அதோடு கையில் கொடுக்கச் சிறிய தாள் நூறு. மேலே பெரிதாக "நாய் காணவில்லை", நடுவில் பக்கவாட்டுப் படம், கீழே ஒரு பெரியவரின் போன் எண், அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதுங்கள். ஜூலு தெரிந்த அக்கம்பக்கத்தாரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நடந்து வேலைக்குப் போகிறவர்கள்தான் தெருநாய்களை அதிகம் கவனிப்பார்கள், அவர்களில் பலருக்கு அது வீட்டு மொழி. ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) வண்டி நிற்கும் நேரத்தில் படித்து முடிக்கும்படி எழுத்து இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாய்ப்பக்கத்தைக் கீழ்நோக்கி ஒட்டுங்கள். மேல்நோக்கி இருந்தால் டர்பன் மழை உள்ளே தேங்கி மை கரைந்துவிடும். கடைக்காரரிடமும் கோவில் நிர்வாகத்திடமும் அனுமதி கேட்டு ஒட்டுவது நல்லது.

பிள்ளையின் பெயர், பள்ளி, பிள்ளையின் போன் எண் எதுவும் வேண்டாம். பரிசு உண்டு என்று போடலாம், தொகையைப் போடாதீர்கள். தொகை பெரிதாகத் தெரிந்தால் நாயைத் துரத்திப் பிடிக்க ஆட்கள் கிளம்புவார்கள், ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். தெருக் காவல் குழு, செக்யூரிட்டி நிறுவனம், பள்ளிப் பெற்றோர் குழு மூன்றுக்கும் அனுப்பும் செய்தி இப்படி இருக்கட்டும்:

"பழுப்பு நிற ஆண் நாய், நடுத்தர உயரம், சிவப்புப் பட்டை. செவ்வாய் மாலை 6 மணிக்கு யூனிட் 5 பள்ளி அருகே கடைசியாகப் பார்த்தது. பயந்த நாய், துரத்த வேண்டாம், கூப்பிட வேண்டாம். படம் எடுத்து, இடத்தோடு உடனே போன் செய்யுங்கள்."

"உங்க நாய் எங்கிட்ட இருக்கு, முதல்ல இ-வாலட்டில் பணம் போடுங்க" என்று போன் வரும் (இ-வாலட் என்பது போன் வழியாகப் பணம் அனுப்பும் முறை). அப்போதுதான் பிள்ளை சொன்ன ரகசிய அடையாளம் கைகொடுக்கும். பின்காலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். நாயைப் பார்ப்பதற்கு முன் ஒரு ராண்ட்கூட அனுப்பாதீர்கள். வாங்கப் போனால் போலீஸ் நிலைய வாசலிலோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையத்திலோ, இரண்டு பெரியவர்களாகப் போங்கள். பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள்.

எஸ்.பி.சி.ஏ.

போனில் விசாரித்தால் போதாது. நீங்கள் "பழுப்பு" என்பதை அங்கே பதிவு செய்தவர் "மஞ்சள்" என்று எழுதியிருப்பார். ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள டர்பன் எஸ்.பி.சி.ஏ.-வுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நேரில் போங்கள். குளூஃப், அமன்சிம்டோட்டி எஸ்.பி.சி.ஏ.-க்களையும் விடாதீர்கள்; நாயை வண்டியில் ஏற்றியவர் தன் வீட்டுக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் விடுவார். தெருநாய்க் கூண்டுகளோடு, காயம்பட்ட நாய்களை வைத்திருக்கும் பகுதியையும், இறந்தவற்றின் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். உரிமை கோராத நாயை வைத்திருக்கும் நாள்கள் குறைவு. முதல் நாளே உங்கள் படத்தையும் எண்ணையும் பதிய வைப்பது அதனால்தான். தடுப்பூசி அட்டை, அடையாள அட்டை, நாயோடு பிள்ளை இருக்கும் பழைய படம் மூன்றையும் எடுத்துப் போங்கள். பராமரிப்புக் கட்டணம் கேட்பார்கள்.

பிள்ளையைக் கூண்டு வரிசைக்குள் முதலில் கூட்டிப் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெரியவர் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து, சந்தேகமுள்ள நாய் இருந்தால் மட்டும் அழைக்கட்டும். வீட்டில் குட்டி நாய் இருந்தால் திரும்பியதும் காலணியைக் கழுவுங்கள். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் காலணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

மைக்ரோசிப் இருந்தால் பதிந்த நிறுவனத்துக்குப் போன் செய்து காணாமல் போனதாகக் குறிக்கச் சொல்லுங்கள், உங்கள் எண் பழையதா என்றும் பாருங்கள். எண் மாறிப்போன சிப்பால் பயனில்லை. சிப் இடத்தைக் காட்டாது. யாராவது நாயை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருவியால் படித்தால் 15 இலக்க எண் வரும், அவ்வளவே.

வாரங்கள் கழித்துக் கிடைத்த நாய்கள் உண்டு. ஐந்தாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். ஆனால் நாய் செத்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் பிள்ளையிடம் அதைச் சொல்லுங்கள். "யாரோ நல்லவங்க வீட்டுல இருக்கு" என்று சொன்னால், பிள்ளை வருடக்கணக்கில் ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும்.

வீடு வந்த பிறகு

முதல் நாள் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கைந்து வேளையாகச் சாப்பாடு கொடுங்கள். பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாகப் போட்டால் ஆபத்து. விரலிடுக்கு, காது மடல், வாலடி எங்கும் உண்ணி பாருங்கள். உண்ணியால் வரும் பிலியரி நோய் உடனே தெரியாது. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஈறு வெளுத்து, சிறுநீர் அடர் நிறமாகி, நாய் சுருண்டு படுக்கும். தினமும் காலையில் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். வெளிறினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வேறு நாயோடு சண்டை போட்ட காயம் இருந்தால், தடுப்பூசி போட்ட நாயானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மறுபடி போடச் சொல்வார்.

ஒட்டிய சுவரொட்டிகளைப் பிள்ளையோடு போய்க் கிழித்துவிடுங்கள், குழுக்களில் நாய் கிடைத்ததைச் சொல்லிவிடுங்கள். கிடைத்த நாய்க்குத் தொடர்ந்து போன் வந்தால், அடுத்த வீட்டு நாய் காணாமல் போகும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்.